ஜெர்மனியில் படித்துக்கொண்டே ஐரோப்பாவைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் அக்டோபரிலும் புதிதாக வந்திறங்கும் மாணவர்களும், அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் கவலையோடு இருக்கும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். நான் மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் முதுகலை படித்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். கட்டணங்கள் 2026 தொடக்கத்தில் இருந்த நிலை.

அக்கா, எனக்கு ஜெர்மனி விசாதானே கொடுத்திருக்கிறார்கள்? அதை வைத்துக்கொண்டு பிரான்ஸ், இத்தாலிக்கெல்லாம் போகலாமா?

போகலாம். ஜெர்மனி கொடுத்த தேசிய விசாவோ, வந்த பிறகு கிடைக்கும் குடியிருப்பு அனுமதி அட்டையோ காலாவதியாகாமல் இருந்தால் போதும். ஒரே விசாவில் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் உடன்பாட்டில் உள்ள மற்ற நாடுகளில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. இப்போது ஷெங்கனில் 29 நாடுகள் இருக்கின்றன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில்தான் முழுமையாகச் சேர்ந்தன.

குழப்பம் வருவது இங்கேதான்: சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. லண்டனில் சித்தப்பா இருக்கிறார், ஒரு வார இறுதியில் போய் வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லை தாண்டும்போது அட்டை மட்டும் போதாது. அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

செமஸ்டர் டிக்கெட்டில் எவ்வளவு தூரம் போகலாம்?

உங்கள் பல்கலைக்கழகம் நாடு முழுவதுக்குமான செமஸ்டர் டிக்கெட்டில் சேர்ந்திருந்தால் ஜெர்மனி முழுவதும் போகலாம். இதற்கு அடிப்படை, எல்லோருக்குமான டாய்ச்லண்ட் டிக்கெட். அது 2023 மே மாதம் மாதத்துக்கு 49 யூரோவில் தொடங்கியது. 2025-இல் 58, 2026-இல் 63 ஆகிவிட்டது. மாணவர்களுக்கான வடிவம் அதில் 60 சதவீத விலைதான், செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். உள்ளூர் பஸ், டிராம், சுரங்க ரயில், பிராந்திய ரயில்கள் எல்லாம் இதில் அடங்கும். அதிவேக ஐசிஇ, ஐசி ரயில்களுக்குச் செல்லாது. தனியார் நெடுந்தூரப் பேருந்தான ஃபிளிக்ஸ் பஸ்ஸுக்கும் செல்லாது.

பிராந்திய ரயிலில் தூரம் போவது மெதுவானதுதான், நாலைந்து இடத்தில் மாற வேண்டியிருக்கும். ஆனால் காசு கொடுத்து ஐசிஇயில் போயிருந்தால் பெயர்கூடத் தெரிந்திராத ஊர்கள் இப்படி மாறும்போதுதான் கண்ணில் படும். இதே டிக்கெட்டில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இங்கே ரயில் நிலையங்களில் நம் மெட்ரோவைப்போல் தடுப்புக் கதவுகள் இல்லை. யாரும் கேட்கவில்லை என்று டிக்கெட் இல்லாமல் ஏறினால், பரிசோதகர் சாதாரண உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அபராதம் 60 யூரோ.

படிக்கப் போனவள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் படிப்பு என்ன ஆகும்? (ஒரு அப்பா கேட்டது)

நியாயமான கேள்வி ஐயா. குளிர்கால வகுப்புகள் அக்டோபரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, கோடைகால வகுப்புகள் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. தேர்வுகள் பெரும்பாலும் வகுப்பு முடிந்த வாரங்களில் நடக்கும். ஆகவே ஜனவரியிலும் ஜூனிலும் மகள் பயணப் படம் அனுப்பினால் கவலைப்படலாம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் மார்ச்சிலும் அனுப்பினால் வேண்டாம். மே மாதத்தையொட்டி வரும் விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமை. வெள்ளியையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு நாடே ஊருக்குக் கிளம்பும்.

இங்கே வருகைப்பதிவு பல பாடங்களில் இல்லை, சுதந்திரம் தாராளம். ஆனால் ஒரே தேர்வை எழுத அளவான வாய்ப்புகள்தான். அவை தீர்ந்துவிட்டால் அந்தப் பாடப்பிரிவையே தொடர முடியாமல் போகும். அரியர் வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் இங்கே செல்லாது. இதை மகளிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவே செத்துக் கிடக்கிறதே, ஏதாவது பந்த்தா?

பந்த் இல்லை, சட்டம். ஜெர்மனியில் ஞாயிறன்றும் பொது விடுமுறையிலும் கடைகள் மூடியிருக்கும். காலையில் சில மணி நேரம் பேக்கரி, பெரிய ரயில் நிலையக் கடைகள், மருந்துக்கடைகளில் முறை வைத்து ஒன்று, இவ்வளவுதான். சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கிவைக்காதவர் ஞாயிறு முழுவதும் வெண்ணெய் ரொட்டிதான். கிறிஸ்துமஸ் இன்னும் கடுமை: 24ஆம் தேதி பிற்பகலுக்குள் எல்லாம் அடங்கிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை.

அன்றைக்குச் சுவரில் ஆணியடிக்கக் கூடாது, கண்ணாடி பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் கலகலவென்று கொட்டக் கூடாது. இரவு பத்து மணிக்குமேல் எல்லா நாளும் அமைதி வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஞாயிறன்று ஊர் மக்கள் எங்கே போகிறார்கள் என்று பின்தொடர்ந்து பாருங்கள்: காட்டுப் பாதை, ஆற்றங்கரை, பாட்டி வீடு, மூன்று மணிக்கு காபியும் கேக்கும். மழையிலும் நடக்கிறார்கள். ஒரு நாட்டைத் தெரிந்துகொள்ள அதன் ஞாயிற்றுக்கிழமையைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. பக்கத்துப் போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகளில் கடை மூடல் உண்டு. நெதர்லாந்தில் பல ஊர்களில் திறந்திருக்கும். எல்லைப்புற ஜெர்மானியர்கள் ஞாயிறு ஷாப்பிங்குக்கு அங்கே வண்டி கட்டிப் போவதையும் பார்க்கலாம்.

காலி பாட்டிலை எல்லோரும் பை பையாகச் சூப்பர் மார்க்கெட்டுக்குத் தூக்கிப் போகிறார்களே?

முன்பணத்தைத் திரும்ப வாங்கத்தான். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பீர் கண்ணாடி பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கல்லாவில் கழித்துக்கொள்ளலாம். பூங்காவில் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார்கள். அது அலட்சியம் இல்லை. அவற்றைப் பொறுக்கி வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக.

பாடம் முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள். பேராசிரியர்மேல் கோபமா?

பாராட்டு. பல்கலைக்கழக வகுப்பில் கை தட்டுவதற்குப் பதில் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவது இங்கே பழைய வழக்கம். இன்னொன்றும் கேட்பார்கள்: பத்து மணி என்று போட்டிருக்கும் வகுப்பு ஏன் பத்தே காலுக்குத் தொடங்குகிறது? மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் கால் மணி கழித்து, 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியாக அந்த மணிக்கு. மருத்துவரிடமோ அலுவலகத்திலோ இந்தக் கால் மணிச் சலுகை கிடையாது.

ஜெர்மன் நண்பன் வீட்டுக்கு இரவு உணவுக்கு அழைத்திருக்கிறான். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகலாமா?

எதற்கும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போங்கள். பல வீடுகளில் மாலை உணவு என்றால் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி, எல்லாம் குளிர்ந்தவை. விருந்தென்றால் சூடாகச் சமைப்பார்கள், அதை முன்பே சொல்வார்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், கையில் ஒரு சிறு பொருள் இருக்கட்டும், வாசலில் செருப்பைக் கழற்றட்டுமா என்று கேளுங்கள். பிறந்தநாள் என்றால் இரண்டு விதி: முந்தைய நாளே வாழ்த்தினால் கெட்ட சகுனம் என்று முகம் சுளிப்பார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

நாங்கள் சைவம். பயணத்தில் என்ன சாப்பிடுவது?

ஜெர்மனியில் கவலை இல்லை, மாணவர் உணவகத்திலேயே தினமும் சைவம் இருக்கும். துருக்கியர் கடைகளில் ஃபலாஃபெல் கிடைக்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். காய்கறி சூப் என்பது மாட்டெலும்புச் சாற்றில் கொதித்திருக்கலாம். இத்தாலியின் பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமோர்ப் பொருள் கட்டாயம் சேர்ந்திருக்கும். போலந்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி கொழுக்கட்டை அருமையானது, ஆனால் மேலே பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவிக் கொண்டுவருவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் 'இறைச்சி இல்லை' என்றால் சூரை மீன் வரும். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா ஊரிலும் உண்டு, முட்டை சாப்பிடுபவர்களுக்கு.

தண்ணீரும் ஒரு செலவு. ஜெர்மனியில் உணவகத் தண்ணீருக்குப் பில் போடுவார்கள். பிரான்சில் சாப்பிடும்போது குழாய்த் தண்ணீர் ஜாடி கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். வியன்னா காபிக்கடைகளில் காபியோடு ஒரு குவளை தண்ணீர் தானாகவே வரும். ஒரே காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மாணவர் அட்டை இருந்தால் எல்லா அருங்காட்சியகமும் இலவசமா?

இல்லை, நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. பிரான்சின் லூவர் அருங்காட்சியகம், 26 வயது நிறையாத, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் குடியிருக்கும் எவருக்கும் இலவசம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது பொருட்டில்லை, ஜெர்மன் குடியிருப்பு அட்டையே சான்று. நுழைவு நேரத்தை மட்டும் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், செவ்வாய்க்கிழமை மூடல். இந்தியாவிலிருந்து சுற்றுலா வரும் உங்கள் அண்ணனுக்கு 2026 ஜனவரி முதல் அதே கதவில் 32 யூரோ.

இத்தாலியில் இதே அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள். அங்கே அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதினருக்கான 2 யூரோ டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். குடியிருப்பவர்களுக்கு இல்லை. அதற்குப் பதில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், ஆனால் வரிசை நீளம். ஸ்பெயினின் மத்ரித் நகரில் பிராதோ அருங்காட்சியகத்தில் 25 வயது வரை உள்ள மாணவர்கள் எந்த நாட்டவரானாலும் இலவசம். மற்றவர்களுக்கும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். வயது 26-ஐ நெருங்குகிறவர்கள் பாரிஸை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது? எல்லா இடத்திலும் யூரோதானே?

இல்லை. போலந்து, செக், ஹங்கேரி, டென்மார்க், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஆகியவை சொந்த நாணயம் வைத்திருக்கின்றன. குரோஷியா 2023-இலும் பல்கேரியா 2026-இலும் யூரோவுக்கு மாறிவிட்டன. ஏடிஎம்மில் 'உங்கள் நாணயத்தில் கழிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் அடிப்பார்கள். ஸ்வீடனில் பல கடைகள் ரொக்கத்தைத் தொடவே மாட்டா. ஜெர்மனியில் சின்னக் கடைகள் அட்டையைத் தொட மாட்டா.

ஜெர்மன் ரயில் நொடி தவறாது என்றார்களே, தினமும் தாமதமாகிறது!

அந்தப் புகழ் பழசு. இப்போது ஜெர்மானியர்களுக்கே ரயில் தாமதம் வானிலையைப்போல் பேச்சுப்பொருள். முன்பின் தெரியாதவர்கள்கூட நடைமேடையில் இதைப் பேசி நட்பாகிவிடுவார்கள். நொடி தவறாத ரயில் வேண்டுமானால் சுவிட்சர்லாந்துக்குப் போங்கள்.

உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். போய்ச்சேரும் நேரம் 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ரயிலுக்கான மலிவு டிக்கெட் வைத்திருக்கிறீர்கள், 20 நிமிடத்துக்குமேல் தாமதமாகும் என்று தெரிகிறது என்றால் அடுத்த எந்த ரயிலிலும் ஏறலாம். இரவுக் கடைசி ரயிலை நம்பி விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

எந்தத் திருவிழாவுக்கு எங்கே போகலாம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீட்டிப் பதில் சொல்வேன். கொலோன் கார்னிவல் நவம்பர் 11ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கும், உச்சம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்துக்கு முந்தைய வாரம். வியாழனன்று பெண்கள் நாள்: கழுத்தில் டை கட்டிப் போனால் அதை வெட்டக் கத்தரிக்கோலோடு வருவார்கள். திங்களன்று பெரிய ஊர்வலம், வண்டிகளிலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். வங்கி அதிகாரியாக இருப்பவர் அன்றைக்குத் தேனீ வேடத்தில் பாடிக்கொண்டு நிற்பார், மறுவாரம் உங்களைத் தெரியாதவர்போல் இருப்பார்.

அதற்கு நேர்மாறானது போலந்தில் நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள். குடும்பத்தோடு கல்லறைத்தோட்டம் போய், கல்லறைகளைத் துடைத்து, மலர் வைத்து, விளக்கு ஏற்றுவார்கள். இருட்டிய பிறகு கிராக்கோவின் ராக்கோவிட்ஸ்கி கல்லறைத்தோட்டம் திருக்கார்த்திகை இரவின் அகல்விளக்கு வரிசையைப்போல் இருக்கும். கண்டிப்பாகப் போகலாம், ஒரு விளக்கு வாங்கி யாரும் கவனிக்காத பழைய கல்லறையில் வைக்கலாம், அதை அங்கே தவறாக நினைக்க மாட்டார்கள். செல்ஃபி வேண்டாம்.

நெதர்லாந்தில் ஏப்ரல் 27 மன்னர் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சு நிறம், அன்று மட்டும் உரிமம் இல்லாமல் தெருவில் யாரும் கடை போடலாம். குழந்தைகள் பழைய பொம்மைகளை விரித்துவைத்து ஒரு யூரோவுக்குப் பேரம் பேசுவார்கள். ஸ்பெயினின் செவீயாவில் புனித வாரத்தில் கூம்புத் தலைமூடியும் அங்கியும் அணிந்து ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்து அமெரிக்க இனவெறிக் கும்பலோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது பாவப்பரிகார உடை, அந்தக் கும்பலைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. கிறிஸ்துமஸ் சந்தைகளில் எனக்குப் பிடித்தது டிரெஸ்டன், 1434-இலிருந்து நடக்கிறது. குவளைக்கும் முன்பணம் வாங்குவார்கள், மேலே பாட்டிலுக்குச் சொன்ன அதே கதைதான்.

தமிழ்த் தொடர்புள்ள இடம் ஏதாவது இருக்கிறதா, அல்லது எல்லாம் சர்ச்சும் கோட்டையும்தானா?

நிறைய இருக்கிறது, பலர் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு போகாமல் இருக்கிறார்கள். ஹம் நகரின் தொழிற்பேட்டைக்குள் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு. சுற்றிலும் கிடங்குகள், நடுவில் கோபுரம். கோடைத் தொடக்கத்தில் தேர்த்திருவிழா, காவடி, பால்குடம். தீர்த்தவாரி பக்கத்துக் கால்வாயில் நடக்கும். ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் ஜெர்மன் காவலர்கள் தேர் திரும்பும் இடத்தில் பொறுமையாகக் காத்து நிற்பார்கள். பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் லா ஷப்பெல். கத்தரிக்காய், முருங்கைக்காய், நகைக்கடை, இடியாப்பம். ஆகஸ்ட் கடைசியிலோ அதையொட்டியோ மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தத் தெருக்களில் வரும், வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். ஐஃபில் கோபுரத்தைவிட எனக்கு அந்தத் தெருதான் முக்கியம்.

வரலாறு பிடித்தவர்கள் கிழக்கு ஜெர்மனியின் ஹாலே ஊருக்குப் போங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறிஸ்தவ மறைபணியாளர் சீகன்பால்க் அங்கே படித்தவர். தமிழ் எழுத்துகளை ஹாலேயில் உலோகத்தில் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1713-இல் தரங்கம்பாடியில் அச்சகம் தொடங்கியது, 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர், ஏனென்றால் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம். ஹாலேயின் பிராங்கே நிறுவனக் கட்டடங்கள் இன்றும் இருக்கின்றன, அங்குள்ள காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உண்டு. மேல்மாடியில் உலகெங்கிலுமிருந்து வந்த பொருட்களை அடுக்கிய பழைய அதிசயக் கூடம் இருக்கிறது. பெர்லினிலிருந்து செமஸ்டர் டிக்கெட்டிலேயே போய் அன்றே திரும்பலாம். நம் ஊரைப் பற்றிய செய்தியை அறிய இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

பத்து நாளில் ஏழு நாடு திட்டம் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.

பார்த்தேன் தம்பி. ஏழு ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வருவாய். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் ஆகன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் எல்லைக்கல் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ஒரே நிமிடத்தில் மூன்று நாடு.

சுற்றுலாவாக வருபவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் ஓடத்தான் வேண்டும். நீ இங்கேயே குடியிருக்கிறாய். ஒரே ஊருக்கு இரண்டு பருவத்தில் போகலாம், ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் சேர்ந்தாற்போல் தங்கலாம். வகுப்பிலிருக்கும் போலந்து நண்பன் தன் ஊருக்கு அழைத்தால் செக் தலைநகர் பிராகாவை ரத்துசெய்துவிட்டு அவனோடு போ. அவன் அம்மா செய்யும் சூப்பை எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராது. லக்ஸம்பர்க்கில் 2020 முதல் நாட்டுக்குள் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம், விருப்பப்படி எங்கும் இறங்கி ஏறலாம். நீண்ட பயணம் கட்டாயம் வேண்டுமென்றால் பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் பார். ஐரோப்பாவில் குடியிருப்பவர்கள் எந்த நாட்டவரானாலும் வாங்கலாம், 27 வயது வரை இளைஞர் விலை. யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, அது உனக்கில்லை.

மகள் தனியாகப் போகிறாள் என்கிறாள். பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா)

பயப்படுவதில் தவறில்லை அம்மா, ஆனால் இங்கே பெண்கள் தனியாகப் பயணம் செய்வது சாதாரணம். விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான அறைகள் இருக்கும், அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். பார்சலோனா, பாரிஸ், ரோம் மெட்ரோக்களில் நிஜமான தொல்லை கைப்பை திருட்டுதான். பாஸ்போர்ட் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. நள்ளிரவில் வந்துசேரும் மலிவு பஸ்ஸைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அதில் மிச்சமாகும் பணம் பயத்துக்கு ஈடாகாது.

ரயிலில் அவ்வளவு பேர் இருக்க, காவலர்கள் என்னிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். ஏன்?

ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்து நீட்டித்துவருகிறது, எல்லைப்புற ரயில்களில் காவலர் ஏறுவது இப்போது வழக்கம். ஆனால் நிறத்தைப் பார்த்து மட்டும் ஒருவரைச் சோதிப்பது சட்டப்படி சரியல்ல. காசலிலிருந்து பிராங்பர்ட் போகும் ரயிலில் இப்படிச் சோதிக்கப்பட்ட கறுப்பின மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2012 அக்டோபரில் கோப்லென்ஸ் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றத்தில், அது அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவுக்கு எதிரானது என்று தெளிவானது.

நடைமுறையில்: ஆவணத்தைக் காட்டுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், காரணம் கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. முதல் பதிலில் பாஸ்போர்ட்டை விடாமல் கொண்டுபோகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நண்பர்களிடம் சொல்லும்போது 'உனக்கு மிகைக் கற்பனை' என்பார்கள் சிலர். அவர்களிடம் ஒருநாளும் கேட்கப்பட்டிருக்காது.

கதவில் ஸ்வஸ்திக் கோலம் போட்டால் பிரச்சினை வருமா?

வரும். ஹிட்லரின் நாஜிக் கட்சியின் சின்னமும் ஸ்வஸ்திக் வடிவம்தான். நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி குற்றம். உங்களுடையது சமயச் சின்னம் என்பது உண்மை, வழக்கு என்று வந்தால் அது பேசப்படும். ஆனால் எதிர்வீட்டு மூதாட்டி விளக்கம் கேட்டுவிட்டு அஞ்சப் போவதில்லை. பூஜை அலமாரிக்குள் இருக்கட்டும். வாசல், கார், சட்டைப் பதக்கம் வேண்டாம். விளையாட்டுக்குக்கூட நாஜி வணக்கப் படம் எடுக்காதீர்கள். 2017-இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அப்படிப் படமெடுத்த சுற்றுலாப் பயணிகளைக் காவலர் பிடித்துப் போனார்கள்.

எதற்கு இவ்வளவு கடுமை என்று புரிய மியூனிக் பக்கத்தில் தாஹாவ் வதைமுகாம் நினைவிடத்துக்கு ஒருமுறை போங்கள். 1933 மார்ச்சில் திறக்கப்பட்ட முகாம், இப்போது நுழைவு இலவசம். வெகுதூரம் போக முடியாதவர்கள் நடைபாதையைக் குனிந்து பார்த்தால் போதும். உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும்: இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார், இந்த ஆண்டு பிறந்தார், இங்கே கொண்டுபோய்க் கொல்லப்பட்டார். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கியது, 2023-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உங்கள் விடுதித் தெருவிலும் இருக்கக்கூடும்.

வகுப்புத் தோழர்கள் சவுனாவுக்கு அழைக்கிறார்கள். உடையில்லாமல் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். சவுனா என்பது வியர்க்க உட்காரும் வெப்ப அறை. ஜெர்மன் சவுனாக்களில் ஆண், பெண் சேர்ந்தே, நீச்சலுடைக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. வியர்வை பலகையில் படக் கூடாது என்று துண்டை விரித்து உட்கார வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, கைபேசி வெளியே. துண்டைச் சுற்றிக்கொண்டு இருக்கலாமா என்று முன்பே கேட்கலாம், பெண்களுக்கு மட்டுமான நாட்களும் உண்டு. பின்லாந்தில் பொதுச் சவுனாக்கள் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி. விருப்பமில்லை என்றால் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். ஊரில்போல் சாக்குச் சொல்லிச் சமாளிக்கத் தேவையே இல்லை என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

அட்டை காலாவதியாகிவிட்டது, நீட்டிப்புக்கு விண்ணப்பித்து ஒரு தற்காலிகக் காகிதம் தந்திருக்கிறார்கள். இதை வைத்து கிறிஸ்துமஸுக்கு வியன்னா போகலாமா? ஊருக்கும் போய் வரலாமா?

அந்தக் காகிதத்தில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய அனுமதி காலாவதியாவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டிருந்தால், வழக்கமாக அனுமதி தொடர்வதாகக் கருதும் கட்டத்தில் குறி இருக்கும், அதனோடு வெளியே போய்த் திரும்பலாம். வேறு கட்டத்தில் குறி இருந்தால் வெளியே போனபின் திரும்ப நுழைய முடியாமல் நிற்க நேரிடும். விமான நிறுவன ஊழியர்களில் பலருக்கு இந்தக் காகிதத்தை அடையாளமே தெரியாது என்பதால் சென்னையிலோ கொழும்பிலோ ஏறும்போதே தகராறு வரலாம்.

எனவே காகிதம், பழைய அட்டை, பாஸ்போர்ட் மூன்றின் படத்தையும் இணைத்து, போகும் நாட்டையும் இடையில் மாறும் விமான நிலையத்தையும் குறிப்பிட்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் பதில் வாங்குங்கள். அது வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம். அதுவரை கையில் செமஸ்டர் டிக்கெட் இருக்கிறது, ஹாலேயும் ஹம்மும் ஜெர்மனிக்குள்தான்.